இறக்கத்தில் எக்ஸாஸ்ட் பிரேக்: எப்போதும் போட்டே வைக்கலாமா?

பிளேனோவாசி

வணக்கம். பெட்ரோல் பிக்கப்பை விற்றுவிட்டு இந்த ஆண்டுத் தொடக்கத்தில் 2016 ராம் 2500 ஒன்றை ஒருவரிடமிருந்து வாங்கினேன். 6.7 லிட்டர் கம்மின்ஸ் டீசல், ஆறு கியர் ஆட்டோமேட்டிக். பின்னால் 28 அடி டிராவல் டிரெய்லர், சாமான் எல்லாம் ஏற்றி எடை போட்டால் 7,500 பவுண்டுக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. டெக்சாஸுக்குள் இழுத்துப் பழக்கம் உண்டு, ஆனால் டல்லாஸ் பக்கம் மேடு என்றால் மேம்பாலம்தான்.

வரும் ஜூனில் பிள்ளைகளுக்குப் பள்ளி விட்டதும் கொலராடோ போகிறோம். அமரில்லோ, ரட்டோன் வழியாக டென்வர், அங்கிருந்து ஐ-70 நெடுஞ்சாலை பிடித்து ஐசன்ஹோவர் சுரங்கம் தாண்டி டில்லன் ஏரிப் பக்கம் சில நாள், அப்புறம் டுராங்கோ. திரும்பும்போது வுல்ஃப் கிரீக் கணவாய் வழி.

வண்டியில் எக்ஸாஸ்ட் பிரேக் பட்டன் இருக்கிறது, அதாவது புகை வெளியேறும் வழியை அடைத்து என்ஜினாலேயே வேகத்தைப் பிடிப்பது. ஒரு தடவை அழுத்தினால் மஞ்சள் விளக்கு, இன்னொரு தடவை அழுத்தினால் பச்சை. விற்றவர் "இதை ரொம்பப் போடாதீங்க, டர்போ போயிடும், டிரெய்லர் மாட்டினால் மட்டும் போடுங்க" என்றார். யூடியூபில் பார்த்தால் வண்டியை எடுத்ததிலிருந்து நிறுத்தும்வரை போட்டே வை என்கிறார்கள். எது சரி? இறக்கத்தில் இது இருந்தால் பிரேக் மிதியைத் தொடவே வேண்டாமா, அல்லது இரண்டும் சேர்த்தா? எந்த வேகத்தில் இறங்குவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். மனைவி இப்போதே ஐ-70 வீடியோக்களைப் பார்த்துவிட்டு விமானத்தில் போகலாமே என்று ஆரம்பித்துவிட்டார்.


ஐந்தாம்சக்கரம்

நான் இருப்பது கொலராடோ ஸ்பிரிங்ஸ். இதே என்ஜின், ராம் 3500. நீங்கள் சொல்லும் சாலைகளில் வருஷம் முழுக்க இழுக்கிறேன், அதனால் நேராகச் சொல்கிறேன்.

முதலில் டர்போ போய்விடும் என்பது. உங்கள் வண்டியில் தனியாக ஒரு எக்ஸாஸ்ட் பிரேக் என்று எதுவும் மாட்டியிருக்கவில்லை, வெளியேறும் புகையால் சுழன்று என்ஜினுக்குள் காற்றைத் தள்ளும் டர்போவே பிரேக் வேலையையும் செய்கிறது. புகை போகும் வழியைக் குறுக்கவும் விரிக்கவும் அதற்குள் ஒரு அமைப்பு உண்டு. அது அசையாமல் ஒரே இடத்தில் கிடந்தால்தான் கரி ஏறி இறுகும், அசைந்துகொண்டே இருந்தால் சுத்தமாக இருக்கும். அதனால்தான் இந்த என்ஜின் வைத்திருக்கும் பாதிப் பேர் டிரெய்லர் இல்லாமல் கடைக்குப் போகும்போதுகூடப் போட்டே ஓட்டுகிறார்கள், நானும் அப்படித்தான். விற்றவர் பயன்படுத்தாமலே வைத்திருந்தார் என்றால் நான் அதைப் பற்றித்தான் யோசிப்பேன்.

மஞ்சள் என்றால் முழு பலம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த உடனே பிடிக்கும், வேகத்தைக் குறைத்துக்கொண்டே வரும். பச்சை என்றால் ஆட்டோ. காலை எடுத்தபோது இருந்த வேகத்தைப் பிடித்து வைக்கப் பார்க்கும், வண்டி வேகமெடுத்தால்தான் இழுத்துப் பிடிக்கும். நீண்ட ஒரே சீரான இறக்கத்துக்குப் பச்சை சுகம். வளைவுகள், முன்னால் லாரி, நெரிசல் என்று இருந்தால் மஞ்சள். இரண்டிலும் டோ/ஹால் பட்டனையும் (டிரெய்லர் இழுக்கும்போது கியரைக் கீழே இறக்கி வைப்பது) சேர்த்துப் போடுங்கள், இல்லையென்றால் கியர் மேலேயே நின்றுகொண்டு பிரேக் பிடிக்கவில்லையே என்று தோன்றும்.

இதுதான் முக்கியமானது. எக்ஸாஸ்ட் பிரேக் வண்டியை நிறுத்த வந்ததில்லை, வேகத்தைப் பிடித்து வைக்க வந்தது. அதனால் முடிவை உச்சியில் எடுக்க வேண்டும். ஐசன்ஹோவர் சுரங்கத்தின் மேற்கு வாசல் 11,158 அடி உயரத்தில் இருக்கிறது, வெளியே வந்த உடனே சில்வர்தோர்ன் வரை ஏறக்குறைய 8 மைல், பெரும்பாலும் 7 சதவீதச் சரிவு. சுரங்கத்துக்குள்ளேயே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். வெளியே வரும்போது மணிக்கு 40, 45 மைலுக்குள் இருக்க வேண்டும், கியர் மூன்றிலோ இரண்டிலோ. கியர் குச்சியில் கூட்டல் கழித்தல் பட்டன் இருக்கிறது பாருங்கள், அதில் மேல் கியருக்குப் போகாமல் பூட்டி வைக்கலாம். 65இல் வெளியே வந்து பாதிச் சரிவில் கியர் இறக்கலாம் என்று நினைத்தால் என்ஜின் ஆர்பிஎம் தாங்காது என்று கியர்பாக்ஸ் இறங்கவே மறுக்கும், அப்புறம் கால் பிரேக்கில்தான் எல்லாம்.

கால் பிரேக் தேவைப்படும், ஆனால் தடவிக்கொண்டே இருக்கக் கூடாது. 45 என்று முடிவு செய்தால், 45 தொடும்போது ஒரு தடவை உறுதியாக மிதித்து 40க்குக் கொண்டு வாருங்கள், விட்டுவிடுங்கள். மறுபடி ஏறினால் மறுபடி மிதியுங்கள். கனரக லாரி லைசென்ஸ் கையேட்டிலும் இதே முறைதான். மெதுவாகத் தொட்டுக்கொண்டே போகிறவர்களின் சக்கரத்திலிருந்துதான் கீழே போய்ச் சேரும்போது நாற்றம் வரும்.


காற்றழுத்தம்

மெக்கானிக்கல் ஆள் நான், மேலே சொன்னதற்கு ஏன் என்று சேர்க்கிறேன்.

பெட்ரோல் என்ஜினில் காலை எடுத்தால் காற்று உள்ளே போகும் பாதையே அடைபடும், பிஸ்டன் வெற்றிடத்தை இழுத்துத் திணறும், அதுதான் நீங்கள் பழகிய என்ஜின் பிரேக். டீசலில் அப்படிக் காற்றை அடைத்து ஓட்டுவதில்லை. காலை எடுத்தால் டீசல் மட்டும் நிற்கும், காற்று தாராளமாக உள்ளே போய் வெளியே வரும். உள்ளே அழுத்திய காற்று அடுத்த கணமே பிஸ்டனைத் திருப்பித் தள்ளிவிடும், கொடுத்த வேலை ஏறக்குறைய அப்படியே திரும்பி வந்துவிடும். அதனால் வெறும் டீசல் இறக்கத்தில் கிட்டத்தட்ட உருண்டு ஓடும். இந்தப் பிரேக் வெளியே போகும் பக்கத்தை அடைக்கிறது. காற்றை வெளியே தள்ளப் பிஸ்டன் மேலே வரும் ஒவ்வொரு தடவையும் அந்த அழுத்தத்தை எதிர்த்துத் தள்ள வேண்டும், அந்த வேலை திரும்பி வராது, சூடாகிப் புகைக்குழாய் வழியே போய்விடும். என்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அவ்வளவு அடிக்கடி இந்த வேலை நடக்கும், அதனால்தான் ஆர்பிஎம் ஏற ஏறப் பிடி ஏறும். 1,200இல் பெரிதாக ஒன்றும் தெரியாது. 2,500இல் வேறு வண்டி போல இருக்கும். என்ஜின் கத்துகிறதே என்று கியரை மேலே தள்ளாதீர்கள், சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருக்கும்வரை அதற்கு ஒன்றும் ஆகாது, இந்த நேரத்தில் டீசலும் உள்ளே போவதில்லை.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். வண்டி, டிரெய்லர், ஆட்கள் எல்லாம் சேர்த்து 7,000 கிலோ என்று வையுங்கள். 7 சதவீத இறக்கத்தில் மணிக்கு 40 மைல் வேகத்தைக் கூடாமல் வைத்திருக்க தொடர்ந்து 86 கிலோவாட் எங்கேயாவது போயாக வேண்டும். நம் வீட்டு வாளியில் போடும் வாட்டர் ஹீட்டர் ராடு 1 கிலோவாட் என்றால், அப்படி 86 ராடு, பன்னிரண்டு நிமிஷம் தொடர்ந்து. காற்று எதிர்ப்பும் டயரும் சேர்ந்து அதில் கால் பங்குக்கு மேல் தின்றுவிடும். மீதி 60 கிலோவாட் சொச்சம், அதாவது 80 குதிரைத் திறன், பிரேக் டிஸ்க்கிலா என்ஜினிலா என்பதுதான் கேள்வி. டிஸ்க்கில் போட்டால் பேட் சூடேறிப் பிடி தளரும், இன்னும் போனால் பிரேக் ஆயில் கொதித்து மிதி தரை வரைக்கும் போகும். என்ஜினில் போட்டால் அதற்கென்றே இருக்கிற வழியாக வெளியே போகிறது. உங்கள் வண்டியில் சரியான கியர் போட்டால் இந்த எடைக்கு எக்ஸாஸ்ட் பிரேக்கே பெரும்பாலும் சமாளித்துவிடும், உயரத்தில் காற்று மெல்லிசாக இருப்பதால் ஊரில் காட்டிய பிடியை அங்கே அப்படியே எதிர்பார்க்காதீர்கள்.


சங்ககிரியான்

எங்கள் வீட்டில் லாரித் தொழில். இப்போது நானும் ஹூஸ்டன் பக்கம்தான், ஆனால் எக்ஸாஸ்ட் பிரேக் என்று கேட்டதும் திம்பம் ஞாபகம் வருகிறது. 27 கொண்டை ஊசி வளைவு, மேலே ஆசனூரிலிருந்து கரும்பு ஏற்றி இறங்குகிற வண்டி எல்லாம் அந்த ஸ்விட்சை நம்பித்தான் இறங்கும். நம்மூர் லாரிகளில் டர்போவை வைத்துச் செய்வதில்லை, புகைக்குழாய்க்குக் குறுக்கே ஒரு தகடு மூடும், அவ்வளவுதான், போட்டால் புஸ்ஸென்று ஒரு சத்தம். ஏர் பிரேக்கைத் திரும்பத் திரும்ப மிதித்தால் டேங்கில் காற்று இறங்கும், டிரம் சூடாகும். அதனால் பெரியவர்கள் சொல்வது ஒன்றே ஒன்று: எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரில் இறங்கு, முடிந்தால் ஒன்று கீழே. டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விடுகிறவனை எங்கள் அப்பா அடுத்த லோடுக்கு வண்டியில் ஏற்றமாட்டார்.

பிக்கப்பில் இதெல்லாம் இருக்கிறது என்பதே எனக்கு இங்கே வந்துதான் தெரியும். ஊரில் சின்ன பிக்கப் ஓட்டுகிறவர்களுக்குக் கியரும் காலும்தான்.


மினசோட்டாக்குளிர்

ஐந்தாம்சக்கரம் அண்ணா சொன்னதில் "எப்போதும் போட்டே ஓட்டுகிறேன்" என்பதை மட்டும் புதியவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. எக்ஸாஸ்ட் பிரேக் பிடிப்பது நான்கு சக்கரத்தையும் அல்ல. இரண்டு சக்கர டிரைவில் முழுக்கப் பின் சக்கரம் இரண்டும்தான். காலி பிக்கப்பில் பின்பக்கம் எடையே கிடையாது. பனிக்கட்டி படிந்த சாலையில், அல்லது புதிதாகத் தூறிய மழையில், வளைவில் காலை எடுத்தீர்கள் என்றால் பின் சக்கரம் வழுக்கி வண்டி வால் ஆட்டும். டிரெய்லர் மாட்டியிருந்தால் அது மடங்கிக்கொண்டு பக்கத்தில் வந்து நிற்கும். கால் பிரேக் என்றால் நான்கு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுத்து ஏபிஎஸ் பார்த்துக்கொள்ளும், இது அப்படி இல்லை. வண்டியோடு வரும் புத்தகத்திலேயே வழுக்கும் சாலையில் போடாதே என்று எச்சரிக்கை இருக்கிறது. இங்கே நவம்பர் வந்தால் நான் ஓட்டும்போது அந்தப் பட்டனைத் தொடுவதே இல்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு, காலையில் குளிரில் ஸ்டார்ட் பண்ணி நிறுத்தி வைத்திருக்கும்போது போட்டு விடுவேன். என்ஜினுக்குச் சுமை ஏறி ஹீட்டர் சீக்கிரம் சூடாகும்.


ஐந்தாம்சக்கரம்

தம்பி, காய்ந்த சாலையைத்தான் சொன்னேன். பனியில் அணைத்துவிடுவேன், அதில் இரண்டு பேச்சு இல்லை. ஜூன் மாதம் என்கிறார், ஆனாலும் அந்த உயரத்தில் ஜூனிலும் மத்தியானத்துக்கு மேல் ஆலங்கட்டி மழை கொட்டும். அதனால் நீங்கள் சொன்னது அவருக்கும் தேவைதான். மதியத்துக்கு முன் கணவாய்களைத் தாண்டிவிடுவது நல்லது.

அப்புறம் பிளேனோ நண்பரே, டுராங்கோவிலிருந்து திரும்பும்போது வுல்ஃப் கிரீக்கைப் பற்றிக் கவலை வேண்டாம். உச்சி 10,857 அடி. அதன் மேற்குப் பக்கம், பகோசா ஸ்பிரிங்ஸ் பார்த்து இறங்குவதுதான் பொல்லாதது, பிரேக் போன லாரிகள் ஏறி நிற்பதற்கு ஜல்லி கொட்டிய பாதைகள் அங்கே இருக்கின்றன. நீங்கள் அந்தப் பக்கம் ஏறுகிறீர்கள், இறங்குவது கிழக்கே சவுத் ஃபோர்க் பக்கம். சுற்றை மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.


பன்னிரண்டு_வால்வு

என்னிடம் 1997 மாடல், 5.9 கம்மின்ஸ், எல்லாம் இரும்பும் நெம்புகோலும்தான், கம்ப்யூட்டர் கிடையாது. பழைய வண்டி வைத்திருந்து யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக எழுதுகிறேன். இந்த வண்டிகளில் எக்ஸாஸ்ட் பிரேக்கைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும், சங்ககிரியான் சொன்ன மாதிரித் தகடு மூடுகிற வகை. வாங்கி மாட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள். பின்னழுத்தம் அதிகமானால் மூடியிருக்க வேண்டிய எக்ஸாஸ்ட் வால்வையே அது தள்ளித் திறக்கும், அதனால் கெட்டியான வால்வு ஸ்பிரிங் போட வேண்டும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸாக இருந்தால் பிரேக் பிடிக்கும்போது டார்க் கன்வெர்ட்டர் (என்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியே இணைப்பது) பூட்டிக்கொள்ள ஒரு ஏற்பாடும் வேண்டும், இல்லையென்றால் சக்கரத்திலிருந்து வரும் தள்ளல் என்ஜினுக்குப் போய்ச் சேராமல் கியர் ஆயிலைச் சுட வைத்துக்கொண்டிருக்கும். மேனுவல் கியர் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை, என்னுடையது மேனுவல்.


பிளேனோவாசி

எல்லோருக்கும் நன்றி, நினைத்ததைவிட அதிகம் கிடைத்தது. நேற்று ஆளில்லாத சாலையில் டோ/ஹால் போட்டு மஞ்சளில் ஒரு தடவை காலை எடுத்துப் பார்த்தேன், கியர் தானாக இறங்கி மூக்கைப் பிடித்து நிறுத்திய மாதிரி இருந்தது. பின்சீட்டிலிருந்து "அப்பா, என்ன உடைஞ்சது" என்று குரல்.

இன்னும் இரண்டு சந்தேகம். எக்ஸாஸ்ட் பிரேக் பிடிக்கும்போது டிரெய்லரின் பிரேக்கும் சேர்ந்து பிடிக்குமா? அப்புறம் சில ஊர்களின் எல்லையில் "என்ஜின் பிரேக் தடை" என்று போர்டு வைத்திருக்கிறார்களே, அது நமக்கும் சேர்த்தா?


ஐந்தாம்சக்கரம்

டிரெய்லர் பிரேக் பிடிக்காது. அது நீங்கள் கால் வைத்தால்தான். அதாவது எக்ஸாஸ்ட் பிரேக் மட்டும் வேலை செய்யும் நேரமெல்லாம் டிரெய்லரின் முழு எடையும் பின்னாலிருந்து உங்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டிருக்கும். நேர்ச் சாலையில் பரவாயில்லை. டிரெய்லர் ஆட ஆரம்பித்தால் உங்கள் கால் பிரேக்கைத் தொடாமல் டேஷ்போர்டில் இருக்கும் டிரெய்லர் பிரேக் நெம்பை மட்டும் கையால் இழுங்கள், பின்னாலிருந்து இழுத்துப் பிடித்து நேராக்கும். அதற்கு அதன் அளவு முன்கூட்டியே சரியாக இருக்க வேண்டும். காலி மைதானத்தில் மணிக்கு 20, 25 மைலில் அந்த நெம்பை மட்டும் முழுக்க அழுத்திப் பாருங்கள், டிரெய்லர் சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபட்டால் அளவைக் குறையுங்கள், ஒன்றும் தெரியவில்லை என்றால் கூட்டுங்கள், பூட்டுவதற்குச் சற்று முன் நிற்க வேண்டும். சாமான் ஏற்றிய பிறகு செய்யுங்கள், காலியாக வைத்துச் செய்தால் பிரயோஜனம் இல்லை.

இன்னொன்று, யாரும் சொல்லவில்லை. எக்ஸாஸ்ட் பிரேக்கில் வேகம் குறையும்போது பின்னால் சிவப்பு விளக்கு எரியாது. பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவனுக்கு நீங்கள் வேகம் குறைப்பது தெரியாது. கண்ணாடியில் யாராவது நெருங்கித் தெரிந்தால் மிதியை மெல்லத் தொட்டு விளக்கை எரிய விடுங்கள், அழுத்த வேண்டியதில்லை.


காற்றழுத்தம்

போர்டு விஷயம்: அது பெரிய லாரிகளின் ஜேக் பிரேக்குக்காக வைத்தது. அதில் அழுத்திய காற்றை எக்ஸாஸ்ட் வால்வைத் திறந்து மேலேயே வெளியே விட்டுவிடுவார்கள், சைலன்சர் சரியில்லாத லாரியில் அது படபடவென்று ஊரையே எழுப்பும். உங்கள் வண்டியில் வருவது மெல்லிய உறுமல் மட்டும்.

இதற்கு ஒரு கதை உண்டு. கம்மின்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய கிளெசி கம்மின்ஸ் 1931இல் ஒரு டீசல் லாரியில் நாட்டைக் குறுக்கே கடந்தபோது கலிபோர்னியாவின் கஹோன் கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் ஓட, கீழே ரயில் பாதையில் ரயில் வந்துகொண்டிருக்க, மயிரிழையில் தப்பினார். அதன் பிறகு பல ஆண்டு கழித்துத்தான் என்ஜினையே பிரேக்காக்கும் யோசனையை முடித்தார், 1961இல் ஜேக்கப்ஸ் நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது, ஜேக் பிரேக் என்ற பேரும் அங்கிருந்துதான். அதனால் போர்டு போட்ட ஊருக்குள் நீங்கள் அணைக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை, ஆனால் சில ஊர்களின் சட்டத்தில் "எந்த வகை என்ஜின் பிரேக்கும்" என்று எழுதியிருப்பார்கள். ஊருக்குள் 30 மைலில் போகும்போது அது என்ன பெரிதாகப் பிடிக்கப்போகிறது, பட்டனைத் தட்டி அணைத்துவிட்டுப் போங்கள்.


சங்ககிரியான்

மனைவிக்கு இந்தக் கஹோன் கதையைச் சொல்லிவிடாதீர்கள். விமான டிக்கெட் போட்டுவிடுவார்.